தொட்டி வளைவில் கொதிக்கிற வண்டி

"பாய், வண்டி மறுபடியும் கொதிச்சிருச்சுங்க."

சரசாத்தா சாவியை ஹனீபா பாயின் முன்னால் வைத்தாள்.

பாயின் பட்டறை மேட்டுப்பாளையத்தில், மலை ரோடு ஏறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது. ரெண்டு வருஷமாக அது பூட்டிக் கிடந்தது. வெளியூரில் மகன் வீட்டில் இருந்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தார்.

வெளியே கறுப்பு ஆஸ்டின் கார் நின்றது. சரசாத்தாவின் வீட்டுக்காரர் கருப்பணன் காலமெல்லாம் வாடகைக்கு ஓட்டிய வண்டி. அவர் இறந்த பிறகு அவள்தான் ஓட்டுகிறாள்.

"என்னென்ன பார்த்தீங்கக்கா?"

"எதப் பார்க்கல? ரேடியேட்டரப் பிரிச்சு அடைப்பு எடுத்தாச்சு. பெல்ட்டு புதுசு. தண்ணி பம்ப் புதுசு. இன்ஜின் ஹெட்டு கீறல் விட்டு அதையும் ஒட்டியாச்சு. போன மாசம் திரும்பக் கீறிடுச்சு. திரும்ப ஒட்டியாச்சு. இனி மாத்தறதுக்கு நான் ஒருத்திதான் பாக்கி."

பாய் சிரித்தார்.

"சிரிக்காதீங்க பாய். குன்னூர்ல ஓட்டல்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஓட்டல் முன்னாடி புல்லு மேல நிறுத்தி, இன்ஜினக் கழட்டிட்டு, உள்ள பூச்செடி வைப்பாராம். இன்னைக்கு மலையேறி வர்றேன், வழியில கொதிச்சா சாவியக் குடுத்துடறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"குடுக்க மனசு இருக்குதுங்களா?"

"மனசு இருந்தா உங்ககிட்ட எதுக்குங்க வர்றேன்?"

பாய் எழுந்து போனார். வண்டி ஆறியிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லித் தண்ணீரைப் பார்த்தார். ஹெட்டில் கீறல் இருந்தால் குமிழி வரும்; வரவில்லை.

மூடியைப் போட்டுவிட்டு, சூடு ஏறுகிறவரை காத்திருந்தார். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுகிற மாதிரி ரேடியேட்டரை மேலிருந்து கீழே வரை தடவினார். சில்லென்று எந்த இடமும் இல்லை. அடைப்பு இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டியில நோவு இல்லீங்கக்கா."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"எங்க கொதிக்குது?"

"தொட்டி வளைவுல. வேற எங்கயும் இல்ல. சொல்லி வெச்ச மாதிரி அங்கதான்."

"ஏறும்போது கொதிக்குதா, நின்னப்புறம் கொதிக்குதா?"

சரசாத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நின்னாத்தானே பாய் தெரியும்?"

பாய் பட்டறைக் கதவைச் சாத்தினார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டுங்க."

தொட்டி வளைவு என்று ஒன்று அந்த ரோட்டில் இருந்தது. பாறையிலிருந்து சுனைத் தண்ணீர் வடியும். கீழே ஒரு கல்தொட்டி. பழைய நாளில் மலையேறுகிற வண்டிகள் நிறைய அங்கே நிற்கும். டிரைவர்கள் பீடி பற்றவைப்பார்கள். ஜனங்கள் இறங்கிக் கை கால் நனைப்பார்கள். வேர்க்கடலை விற்கிறவள் ஒருத்தி இருப்பாள். இப்போது யாரும் நிற்பதில்லை. சரசாத்தா மட்டும் நிற்பாள்.

வண்டி ரெண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பாக்குத் தோப்பு கீழே போனது.

"அவரு எப்பிடி ஓட்டுவாரு, ஞாபகம் இருக்குதுங்களா?" என்றார் பாய்.

"இல்லாம? ஒரு கை ஸ்டீரிங்ல, ஒரு கை வெளிய. பாட்டு வேற. சகிக்காது."

"ஆமாங்க. ஒரே பாட்டு. அதுலயும் முதல் அடிதான் தெரியும்."

"நீங்க அவரோட போயிருக்கீங்களா பாய்?"

"எத்தனையோ தடவை. மேல எவன் வண்டி படுத்தாலும் என்னைத்தான கூட்டிட்டுப் போவாரு."

வளைவு தெரிந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

சரசாத்தாவின் கால் தன்னால் பிரேக்குக்குப் போனது. வண்டி தொட்டி ஓரமாக ஒதுங்கியது. கை சாவியைத் தொட்டது.

"எதுக்குங்கக்கா நிறுத்தறீங்க?"

"தண்ணி ஊத்த. அவரு நிறுத்துவாரு."

"என்னோட வந்தப்ப ஒரு தடவைகூட இங்க நிறுத்தினதில்லீங்களே."

"அதெப்பிடி? என்னைக் கூட்டிட்டு வர்றப்பெல்லாம் நிறுத்துவாரு. கல்யாணமாகி முதமுதலா வந்த அன்னைக்கே நிறுத்தினாரு. 'சித்த இறங்கு சரசு, வண்டிக்குத் தாகம்'னாரு."

"இன்ஜின அணைப்பாருங்களா?"

"இல்ல. அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும்."

"மூடியத் திறப்பாருங்களா?"

சரசாத்தா பானெட்டைப் பார்த்தாள்.

வண்டி உறுமிக்கொண்டு நின்றது. சுனைத் தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.

"பானெட் மேல ஒரு கை தெளிப்பாரு" என்றாள் மெதுவாக. "காளைய நனைக்கற மாதிரி. அவ்வளவுதான்."

"மீதித் தண்ணி?"

"எனக்குக் குடுப்பாரு. மூஞ்சி கழுவிக்கச் சொல்லி."

"உங்களுக்கு எதுக்கு?"

"எனக்கு அப்பெல்லாம் வளைவு ஏறினாத் தலை சுத்தும் பாய். வாந்தி வந்துரும். பின்னாடி வாடகைக்கு ஏறினவங்க அஞ்சாறு பேரு நெருக்கிட்டு இருப்பாங்க, வெக்கமா இருக்கும். ஆனா நான் ஒரு நாளும் அவருகிட்ட வாயத் திறந்து சொன்னதில்..."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

பாய் வெளியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கருப்பணனின் ஸ்டீரிங்கில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அட கள்ள மனுசா!"

சிரித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகும் சிரித்தாள்.

"வண்டிக்குத் தாகமாம் பாய். வண்டிக்கு!"

"இப்பத் தலை சுத்துதுங்களா?"

"எனக்கா? அதெல்லாம் நின்னு எத்தனை வருசமாச்சு."

"அப்புறம் எதுக்குங்கக்கா நிறுத்தணும்?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. கை சாவியிலிருந்து இறங்கிக் கியருக்குப் போனது.

வண்டி வளைவைத் தாண்டியது.

குன்னூர் வந்தது. குளிர் காற்று அடித்தது. ஓட்டல் வாசலில் ஒதுக்கி நிறுத்தியதும் அவள் கை பழையபடி சாவிக்குப் போனது. பாய் அந்தக் கை மேல் பட்டும் படாமல் தன் துண்டைப் போட்டார்.

"சித்த ஓடட்டுங்க. மலையேறி வந்த இரும்பு. டக்குனு அணைச்சா ஃபேனும் நின்னுரும், தண்ணி சுத்தறதும் நின்னுரும். இரும்புல இருக்கற சூடு எங்க போகும்? தண்ணியத்தான் பிடிக்கும்."

"அதுல நான் மூடிய வேற திறப்பேன்."

"திறந்து சுனைத் தண்ணிய வேற ஊத்துவீங்க."

"ஐயோ. ஹெட்டு கீறினது அதனாலயா?"

பாய் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது தணிந்து, சீராக வந்தது. பாய் தலையசைத்தார். அவள் அணைத்தாள்.

ரெண்டு பேரும் பானெட்டையே பார்த்தார்கள்.

ஆவி வரவில்லை. எங்கோ உள்ளே இரும்பு ஆறுகிற சத்தம் டிக், டிக்கென்று கேட்டது. அவ்வளவுதான்.

ஓட்டல்காரர் வெளியே வந்தார். நல்ல மனுஷர். கம்பளிக் குல்லா போட்டிருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து, முன்னால் முகர்ந்தும் பார்த்தார்.

"கொதிக்கலையாம்மா?"

"இல்லீங்க."

"அடடா. பூந்தொட்டியெல்லாம் வாங்கிட்டேனே."

"செடியத் தரையிலயே வையுங்க. நல்லா வரும்."

அவருக்கு ஆசை விடவில்லை. ஜன்னலோரம் வந்து நின்றார்.

"கொதிக்காட்டி என்னம்மா, குடுத்துருங்களேன். வயசான வண்டி. இந்த மேட்டுல இனி எதுக்கு அதை வதைக்கணும்? இந்தப் புல்லு மேல நகராம, பத்திரமா, அழகா நிக்கும்."

சரசாத்தா சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே தடவையில் பிடித்தது.

"நின்னாத்தானுங்க கொதிக்கும்" என்றாள்.