முள்வேலித் துறவி

காங்கேயத்துக்குத் தெற்கே, மேய்ச்சல் காட்டின் நடுவில் மாராத்தாம்மாவின் மடம் இருந்தது. சுற்றிலும் கிளுவை முள்வேலி. சீடர் என்று இருந்தவர் நாச்சிமுத்து ஒருவர்தான். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். ஆயுள் முழுக்க வக்கீல் குமாஸ்தாவாக இருந்துவிட்டு ஞானம் தேடி வந்தவர். ஞானம் இன்னும் வாய்தாவில்தான் இருந்தது.

வேலியை ஒட்டிய வேலமரத்தின் உச்சிக் கொம்பில் தினமும் ஒரு கீச்சான் குருவி வந்து உட்காரும். சாம்பல் தலை, செம்பழுப்பு முதுகு, நீண்ட வால். கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியதுபோல ஒரு கறுப்புப் பட்டை. கைக்குள் அடங்கிவிடும் அந்தக் குருவிமேல் நாச்சிமுத்துவுக்கு அலாதிப் பிரியம்.

"பாருங்கம்மா, தனியா உக்காந்திருக்குது. கொண்டைக்குருவி மாதிரியும் பாடுது, தவிட்டுக்குருவி மாதிரியும் பாடுது. எல்லா உசுரும் ஒண்ணுன்னு தெரிஞ்ச துறவிங்க அது."

"அப்படீங்களா" என்றார் மாராத்தாம்மா.

ஒருநாள் காலையில் நாச்சிமுத்து வேலிப் பக்கமிருந்து ஓடி வந்தார். வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்திருந்தது.

"அம்மா, செய்வினை! வேலி முள்ளுல ஓணான் குஞ்சைக் குத்தி வெச்சிருக்குது. பக்கத்துல வெட்டுக்கிளி. அந்தாண்ட ஒரு சுண்டெலி, தலையே இல்லீங்க!"

"யாருங்க வெச்சது?"

"வேற யாரு? நம்ம சமையக்கார வேலப்பன்தான். விறகு பொறுக்க அந்தப் பக்கம் போறவன் அவன் ஒருத்தன்தானே. இன்னைக்கே அவனை அனுப்பிருங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. வேலப்பன் வெளியே வந்தான். மடத்தை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

"சத்தியமா நானில்லீங்கம்மா. எனக்கு ஓணானைக் கண்டாலே பயமுங்க."

மாராத்தாம்மா நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

"மடத்து வழக்கம் தெரியுமில்லீங்க? ஒருத்தரை அனுப்பச் சொல்றவரு, மத்தியானம் வரைக்கும் பட்டினியா வேலியோரம் உக்காந்து யோசிக்கோணும். அப்புறமும் அதையே சொன்னா, அனுப்பிரலாம்."

நாச்சிமுத்து போய் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. வேலப்பன் ஒரு குடையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, குடையை மட்டும் விரித்துக்கொண்டார்.

அப்போது உச்சிக் கொம்பிலிருந்து கீச்சான் தரையில் பாய்ந்தது. எழுந்தபோது அதன் வளைந்த அலகில் ஒரு ஓணான் குஞ்சு நெளிந்தது. வேலிக்கு வந்து, அதை ஒரு முள்ளில் குத்தி இழுத்து மாட்டியது. கொஞ்சம் பிய்த்துத் தின்றது. பிறகு கொம்புக்குத் திரும்பி, கொண்டைக்குருவியின் குரலில் இனிமையாகப் பாடியது.

நாச்சிமுத்து குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அம்மா! அந்தத் துறவி கொலைகாரனுங்க!"

"அதுக்குப் பருந்து மாதிரிக் கால்ல பலம் கெடையாதுங்க. முள்ளுதான் அதுக்குக் கை. புடிச்சதை மாட்டி வெச்சுத்தான் தின்ன முடியும். அப்போ வேலப்பன்?"

"இந்த வழக்குல அவன் நிரபராதிங்க. ஆனா…"

"ஆனா?"

"போன தைப்பூசத்துல எனக்குக் கடைசிப் பந்தியில எலை போட்டான். அதுக்கு முந்தின ஐப்பசியில கொடியில கெடந்த என் சட்டையை மழையில நனைய விட்டான். நான் மடத்துக்கு வந்த மொத நாளு, 'பெரியவருக்குப் பல்லு இருக்குதுங்களா'ன்னு நாலு பேரு முன்னால கேட்டுட்டுத்தான் சோறு போட்டான். ஒண்ணையும் நான் மறக்கலீங்க. எல்லாம் அப்படியே வெச்சிருக்கறேன். அவனை அனுப்பிருங்க."

மாராத்தாம்மா எழுந்து வேலியோரம் போனார். கோடியில் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வந்தார்.

"பட்டினி கெடந்தீங்க. மொதல்ல சாப்பிடுங்க."

வேலப்பன் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தான். மாராத்தாம்மா குச்சியை இலையின் நடுவில் வைத்தார். அதன் முள்ளில் ஒரு பழைய ஓணான், வத்தலாகக் காய்ந்து, வாயைப் பிளந்தபடி மாட்டியிருந்தது.

நாச்சிமுத்து உட்கார்ந்திருந்த பலகையோடு பின்னால் நகர்ந்தார்.

"ஐயோ, என்னங்கம்மா இது! நான் முட்டைகூடத் தொடாதவனுங்க!"

"வெச்சிருக்கறதைத்தானுங்களே பரிமாற முடியும்?"

"காஞ்சு கருவாடாயிருச்சுங்க. அந்தக் கொலைகாரக் கீச்சானே இதை வேண்டாம்னு விட்டுட்டுப் போயிருச்சு!"

"அதனாலதானுங்க அதால பாட முடியுது" என்றார் மாராத்தாம்மா.

நாச்சிமுத்து இலையைக் குச்சியோடு சேர்த்து மடித்து ஓரமாகத் தள்ளினார். வெளியே கீச்சான் தவிட்டுக்குருவியின் குரலுக்கு மாறியிருந்தது. வேலப்பன் சோற்றுப் பாத்திரத்தோடு நகராமல் நின்றான்.

"வேலப்பா, வேற எலை போடப்பா" என்றார் நாச்சிமுத்து.