மூன்று கிருமிகளும் ஒரு பேசினும்

டாக்டர் கருப்பையாவுக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு. குரு என்றதும் காவியைத் தேடாதீர்கள். அதே ஆஸ்பத்திரியில் நோய்த்தொற்றுத் தடுப்பைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஆரோக்கியமேரிதான் அது. கிருமி விஷயத்தில் அந்த அம்மா சொன்னால் சொன்னதுதான் என்று டாக்டரே ஊரறியச் சொல்லிக்கொண்டு திரிவார்.

பச்சிளம் குழந்தைகள் வார்டு டாக்டரின் பொறுப்பு. ஒரே மாதத்தில் அங்கே ஆறு குழந்தைகளுக்கு ரத்தத்தில் கிருமி. கடைசிக்கென்று வைத்திருந்த மருந்தும் சரியாகக் கேட்கவில்லை. நான்கு பிழைத்துவிட்டன, இரண்டு இன்னும் இழுபறி. சனிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் வார்டைப் பூட்டு என்று மேலிடம் சொல்லிவிட்டது. இதை விட்டால் அடுத்த வார்டு எண்பது கிலோமீட்டர். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை அவ்வளவு தூரம் தாங்குமா? மனிதர் சோறு இறங்காமல் அலைந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆரோக்கியமேரியிடம் வந்து நின்றார்.

"சிஸ்டர், ஆறு குழந்தைங்க ரத்தத்துலயும் சேர்த்து மூணு கிருமி கிடைச்சிருக்கு. மூணும் மூணு ஜாதி. ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஆனா மருந்தை எதிர்க்கிற மரபணு மூணுகிட்டயும் ஒண்ணேதான். எங்கேர்ந்து வந்துச்சு?"

"வாங்க, காட்டுறேன்."

லேபில் ஒரு பாலிதீன் பைக்குள் வளைந்த குழாய் ஒன்று இருந்தது. வார்டில் கை கழுவும் பேசினுக்கு அடியில் இருந்தது அது. முந்தின நாள்தான் ஆரோக்கியமேரி பிளம்பரை வைத்துக் கழற்றியிருந்தார். உள்ளே கொழகொழவென்று கறுப்பாகக் கசடு.

"மூணும் இதுக்குள்ளதான் குடியிருக்கு. ஒண்ணு அந்த மரபணுவைக் காப்பி எடுத்து, பக்கத்துல இருக்கறதுக்குக் குடுத்துரும். ஜாதியெல்லாம் பாக்காது, நம்மள மாதிரி இல்ல."

"அது சரி. சாக்கடைக்குள்ள கிடக்கிறதுக்கு அந்த மரபணு எதுக்கு?"

ஆரோக்கியமேரி ஒரு சிரிஞ்சை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"குழந்தைக்கு மருந்து போட்டாச்சு. பாதி மிச்சம். என்ன செய்வீங்க?"

டாக்டரின் கை தானாக லேப் பேசின் பக்கம் நீண்டது. பாதி வழியில் நின்றது.

இருபது வருஷப் பழக்கம். மிச்ச மருந்தைப் பேசினில் பீய்ச்சிவிட்டு, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். நர்ஸுகளையும் அப்படித்தான் பழக்கியிருந்தார். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தினமும் நானே ஊத்தி வளர்த்திருக்கேன். பூட்டிடலாம் சிஸ்டர். குழாயை மாத்தினாலும் மூலை முடுக்கெல்லாம் பரவியிருக்கும். இனிமே அது போகவா போகுது?"

"போன மழைக்காலத்துல எத்தனை குடை தொலைச்சீங்க?"

இந்த நேரத்தில் இதென்ன கேள்வி என்று அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் குரு கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"மூணு. வீட்டுல இன்னும் திட்டு விழுது."

"கொட்டுற மழையிலயா தொலைச்சீங்க?"

"மழையில யாராவது குடையை விடுவாங்களா? மழை விட்டப்புறம் அது ஒரு சுமை. பஸ்ஸுல, டீக்கடையில, அங்கங்க வச்சுட்டு…"

அவர் பார்வை கையிலிருந்த சிரிஞ்சுக்குப் போனது.

"அந்த மரபணுவும் கிருமிக்குச் சுமைதான், டாக்டர். ஒண்ணு ரெண்டு பத்திரமா வச்சிருக்கும், இல்லேங்கல. மத்ததெல்லாம் மெல்ல விட்டுட்டுப் போயிரும். வார்டைப் பூட்ட வேண்டாம். மழையை நிறுத்துங்க."