ஒடிக்காத வெள்ளைக்கோல்

நாட்டைப் பிடிப்பது ஒரு வேலை, நாற்காலியைப் பிடிப்பது வேறு வேலை. இங்கிலாந்தில் பழைய ராஜா போரில் செத்தார்; ஜெயித்த ஆல்ட்ரிக் என்பவன் தலைநகருக்குள் வந்துவிட்டான். ஆனால் கிரீடப் பெட்டியின் சாவி பழைய ராஜாவின் தலைமை அதிகாரியான ராண்டல்ஃப் பிரபுவின் இடுப்பில் தொங்கியது.

"கிரீடத்தை ராஜாவிடம்தான் கொடுப்பேன். முடிசூடாதவன் ராஜா இல்லை" என்றார் பிரபு.

பாதிரியார்கள் தலையைச் சொறிந்தார்கள். ஞாயிறு வரை இழுத்தடித்தால் பிரபுவின் மருமகன் பெரும்படையோடு வந்துவிடுவான்.

தேவாலயத்தில் குழி வெட்டும் ஹாட்ஜ் மண்வெட்டியோடு ஓரமாக நின்றான். அவன் கண் பிரபுவின் கையில் பதவி அடையாளமாக இருந்த வெள்ளைக்கோல் மேலேயே இருந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். ராஜா செத்தால் அவர் கொடுத்த பதவியும் செத்தது. அதனால் அதிகாரிகள் கோலை ஒடித்து அவர் குழியில் போடுவதுதானே நம் வழக்கம்? போன வாரம் குழியை மூடியவன் நான்தான். உங்கள் கையில் இருப்பது பழைய கோலா, புதுசா?"

பிரபு மனதுக்குள் கணக்குப் போட்டார். பழையது என்றால், ஒடிக்காமல் வைத்திருந்தது ராஜதுரோகம், தலை தப்பாது.

"புதுசுதான்டா!"

"நல்லதுங்க. கோலை ராஜாதானே கொடுக்க முடியும்? எந்த ராஜா கொடுத்தார்?"

சபையே பிரபுவின் வாயைப் பார்த்தது. பிரபு, "இவர்தான்" என்று ஆல்ட்ரிக் முன்னால் மண்டியிட்டுச் சாவியை நீட்டினார்.

அன்று சாயங்காலமே முடிசூட்டு விழா நடந்தது. "உனக்கு என்னப்பா வேண்டும்?" என்று கேட்டான் புது ராஜா.

ஹாட்ஜ் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "ராஜாவுக்குக் குழி வெட்டினால் முதுகே ஒடிகிறது மகாராஜா. இன்னொரு தடவை என்னை வெட்ட வைக்காதீர்கள், அது போதும்."