கம்ப்யூட்டருக்கு ஓர் அதட்டல்

ஊரையே அதட்டுகிறவர், தன் கார் அடங்காவிட்டால் என்ன செய்வார், சொல்லுங்கள் பார்ப்போம்?

மில் முதலாளி சென்னியப்பன் தன் காரில் என்ஜினுக்குக் காற்று போக அகலமான புதுக் குழாயும் சிவப்பு ஃபில்டரும் மாட்டியிருந்தார். அதிலிருந்து மெதுவாக ஓட்டினால் என்ஜின் நின்றுவிடும். மாலையில் மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. கார் ஊர்ந்துதான் போக வேண்டும்.

"அஞ்சு மணிக்குள்ள சரியாகணும். குழாயைக் கழட்டினீன்னா பட்டறையைக் காலி பண்ணிக்க. சம்பந்தி அதைப் பார்க்கணும். இங்க எல்லாம் என் பேச்சுக்குத்தான் நடக்கும்," என்றார் மெக்கானிக் மயிலாத்தாளிடம். மேளக்காரர்கள் பட்டறை வாசலுக்கே வந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"சரிங்க. உள்ள போற காத்தை சென்சார் அளந்து சொல்ல, அதுக்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊத்துமுங்க. சென்சார் இன்னும் பழைய குழாய் அகலத்துக்கே கணக்குப் போடுது; காத்து கம்மின்னு சொல்லுது. பெட்ரோல் பத்தல. உங்க பேச்சுக்குத்தான் எல்லாம் நடக்குதே, கம்ப்யூட்டருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று என்ஜினை ஓடவிட்டாள் அவள்.

மேளம் நின்றது. எல்லாரும் பார்க்க, அவர் பானட்டைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் பெட்ரோல் ஊத்து," என்றார். கார் இரண்டு தரம் விக்கி அணைந்தது. நாதஸ்வரக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலாளி அவள் பக்கம் குனிந்தார். "பழைய குழாயையே மாட்டிடு ஆத்தா. அந்தச் சிவப்பு ஃபில்டரை மட்டும், பானட்டைத் திறந்தா சம்பந்தி கண்ணுல படற மாதிரி, சும்மா கட்டிவிடு."