விகடகவிக்கு வைத்த பட்டினி

என் பெயர் ஆளவந்தான். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், நான் சொன்னால் என் வீட்டுப் பூனைகூட எழுந்திருக்காது. மாறங்குடி அரண்மனையில் நான் விகடகவி. ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் வேலை. ஒரு வருஷமாக ராஜா சிரிக்கவில்லை. ஆனால் அரண்மனைச் சாப்பாடு மட்டும் எனக்குத் தவறவில்லை. வெட்கமாக இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும், இலை முன்னால் உட்காரும்வரை இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ராஜா ஆற்றுக்குக் குறுக்கே கல்பாலம் கட்டினார். ஊரெல்லாம் வாழ்த்தியது. ஓடக்காரர்கள் மட்டும் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இனி எவன் ஓடம் ஏறுவான்? ராஜா நல்ல மனுஷர். வேறு வேலை கிடைக்கும்வரை அவர்களுக்குக் களஞ்சியத்திலிருந்து நெல் கொடுக்கச் சொன்னார். மற்றவர்களுக்கு ஏதோ வேலை கிடைத்துவிட்டது. வேலாண்டி என்ற ஓடக்காரனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. செக்கு, சூளை, சத்திரம் என்று எல்லா இடமும் ஏறி இறங்கினான். "உனக்குத் துடுப்புப் போடத்தானே தெரியும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

நெல் போவது மந்திரி திருவேங்கடத்துக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, நெல்லை நிறுத்துங்கள். வயிறு காய்ந்தால் மூளை தானாக ஓடும். வேலையும் கிடைத்துவிடும்" என்றார்.

வேலாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சாமி, மூணு பிள்ளைங்க. அந்த நெல்லு நின்னா அடுப்பு எரியாது."

ராஜா தாடையைத் தடவினார். தாடையைத் தடவினால் மந்திரி பக்கம் சாய்கிறார் என்று அர்த்தம். நான் சட்டென்று எழுந்துவிட்டேன்.

"மகாராஜா, மந்திரியாரின் மருந்தை முதலில் என்மேல் சோதித்துப் பாருங்கள். ஒரு வருஷமாக நானும் வேலை பார்க்காமல்தான் இருக்கிறேன். என் சாப்பாட்டை நிறுத்துங்கள். நாளை மறுநாள் சபை கலைவதற்குள் நான் உங்களைச் சிரிக்க வைத்துவிட்டால், வேலாண்டியின் நெல்லையும் நிறுத்திவிடலாம். சிரிக்கவில்லை என்றால் நெல் தொடரட்டும்."

ராஜா ஒப்புக்கொண்டார். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். சிரிக்க வைக்காமல் இருப்பதில் என்னை மிஞ்ச ஆள் ஏது?

பாழாய்ப்போன பசி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கெடு முடியும் நாள் சபையில் மந்திரி வேண்டுமென்றே என் வாயைக் கிளறினார். "ஏரிக்கரை உடைத்துக்கொண்டதாம். என்ன செய்யலாம், விகடகவியாரே?"

"வெல்லப்பாகு காய்ச்சி அடைக்கலாம்" என்றேன்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா உதட்டைக் கடித்துக்கொண்டார். ஐயோ, வாயை மூடுடா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாயை மூடினால் கண் சும்மா இருக்கிறதா? மந்திரியின் வெள்ளைத் தலைப்பாகை இடியாப்பமாகத் தெரிந்தது. கிட்டே போய், "தேங்காய்ப்பால் ஊற்றட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

ராஜா வெடித்துச் சிரித்தார். ஒரு வருஷத்துச் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"பார்த்தீர்களா, மருந்து வேலை செய்துவிட்டது" என்றார் மந்திரி. "நெல்லை நிறுத்த உத்தரவிடுங்கள்."

வேலாண்டியின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை செய்யத்தான் துப்பில்லை என்றால், செய்யாமல் இருக்கவும் துப்பில்லாமல் போயிற்றே. தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"மகாராஜா, ஒரே ஒரு கேள்வி. என் சாமர்த்தியத்தைப் பார்த்துச் சிரித்தீர்களா, என் பசியைப் பார்த்தா?"

ராஜா பொய் சொல்லத் தெரியாதவர். "உன் பசியைப் பார்த்துத்தான்."

"அப்படியானால் அந்த மருந்து எனக்கு வித்தை எதையும் கற்றுத்தரவில்லை. பசியைத்தான் கொடுத்தது. அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் ஆசை என்றால், தாராளமாக நெல்லை நிறுத்துங்கள். வேலாண்டி வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். எல்லோருமாகப் போய் உட்கார்ந்து சிரித்துவிட்டு வரலாம்."

ராஜாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வேலை கிடைக்கும்வரை வேலாண்டிக்கு நெல் நிற்கக் கூடாது" என்றார் ராஜா. "முதலில் இவனுக்குச் சோறு போடுங்கள்."

வயிறு முட்டச் சாப்பிட்டேன். தெம்பு வந்ததும் சபைக்குத் திரும்பிவந்து, என் கைவசம் இருந்ததிலேயே உசத்தியான ஹாஸ்யத்தை எடுத்துவிட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வேலாண்டி மட்டும் மரியாதைக்கு இருமினான்.

ராஜா களஞ்சியக்காரரைக் கூப்பிட்டார்.

"ஓய், ஓடக்காரனுக்கு அளக்கும்போது இந்த ஆளவந்தானுக்கும் சேர்த்து நெல் அளந்துவிடும். பாவம், இவனுக்கும் இந்த ஊரில் வேலை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை."