பனியில் ஒரு காட்டுக் குரல்

தென் துருவத்துப் பனியில் ஒரு முகாம். குளிர்காலம் முழுக்க அங்கே தங்க வருகிறவர்களுக்குப் பனியில் நடக்கச் சொல்லிக்கொடுக்கும் குரு ஆவுடையம்மை. யார் தங்கலாம், யார் கடைசிக் கப்பலில் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்வதும் அவர்தான். சொன்னால் சொன்னதுதான்.

அந்த வருஷத்துச் சீடர்களில் ஒருவர் மாசிலாமணி. முகாமுக்குச் சமைக்க வந்தவர். குருவைவிடப் பதினான்கு வயது மூத்தவர். போர்னியோ மழைக்காட்டில் பிறந்து, பிரம்பு வெட்டி வளர்ந்தவர். அவர் ஊரில் யாரும் பனியைப் பார்த்ததில்லை. "ஒரு குளிர்காலம் இருந்துட்டுத்தான் வருவேன்" என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

முதல் நாள் ஆவுடையம்மை தூரத்துக் கொடியைக் காட்டினார்.

"அதைத் தொட்டுட்டு வாங்க."

எல்லாருக்கும் முன்னால் திரும்பி வந்தவர் மாசிலாமணி.

"எங்க காட்டுல மழை நிக்காது டீச்சரம்மா. நாம நின்னா கால்ல அட்டை ஏறும். ஓட்டமும் நடையும்தான். இந்தக் குளிர் என்னை என்ன செய்யும்?"

"உள்சட்டையைக் கழற்றிக் குடுங்க அண்ணே."

சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. குரு அதைக் கதவுக்கு வெளியே விரித்து மாட்டினார். அவருக்கு மாற்றுச் சட்டையும் சூடாகத் தேநீரும் கொடுத்தார். தேநீர் முடிந்ததும் வெளியே கூட்டிப் போய், சட்டையை எடுத்துப் பனிமேல் வைத்தார்.

விறைத்துப்போய், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அது தானாகவே நின்றது.

"அண்ணே, உங்க தம்பி வந்திருக்காரு" என்றாள் சீடர்களில் ஒருத்தியான கயல்விழி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"காட்டுல வேர்த்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் குரு.

"ஒண்ணும் செய்யமாட்டோம். அங்கே எதுவும் காயாது. ஈரத்தோடவே இருப்போம்."

"இங்கே ஈரம் உடம்போட உறையும். மெதுவா நடக்கத் தெரியாதவங்களை வச்சுக்க முடியாது. வியாழக்கிழமை கடைசிக் கப்பல்."

மாசிலாமணியின் முகம் சுருங்கிப்போனது.

"அப்போ காட்டுல படிச்சதெல்லாம் இங்கே வீணா?"

"எல்லாத்தையும் நான் இன்னும் பார்க்கலையே."

புதன்கிழமை கடைசி நடை. எல்லார் இடுப்பிலும் ஒரே கயிறு. பூட்ஸ் வாரை இறுக்கக் கயல்விழி ஒரு நிமிஷம் கயிற்றைக் கழற்றினாள். அந்த நேரம் பார்த்து மேகம் தரைக்கு இறங்கியது. வானமும் தரையும் ஒரே வெள்ளை. நிழல் இல்லை. காற்றுகூட இல்லை. கயல்விழியைக் காணோம்.

எல்லாரும் ஒரே நேரத்தில் அவள் பெயரைக் கத்தினார்கள். ஆவுடையம்மை தன் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"அவிழ்க்காதீங்க!" மாசிலாமணி அதட்டினார். "தேடிப் போறவங்களும் தொலைஞ்சு போவாங்க. எல்லாரும் வாயை மூடுங்க. நீங்களும்தான் டீச்சரம்மா."

குருவிடம் அந்த முகாமில் யாரும் அப்படிப் பேசியதில்லை. குரு வாயை மூடிக்கொண்டார்.

மாசிலாமணி கண்ணை மூடினார்.

"ஊ...ய்!"

ஒரே ஒரு முறை. பிறகு பத்து எண்ணும் நேரம் காது கொடுத்தார். மறுபடியும், "ஊ...ய்!"

இடது பக்கம் மெல்லிய அழுகை கேட்டது.

"அழாதே புள்ளே! என் குரலுக்கு நேரா மூக்கை வை. நான் கூப்பிட்டா நட. நிறுத்தினா நில்லு."

கூப்பிட்டுக் கூப்பிட்டே அவளைக் கைக்கெட்டும் தூரத்துக்கு வரவழைத்துவிட்டார்.

மேகம் விலகியதும் அவளுடைய காலடித் தடத்தைப் பார்த்தார்கள். அவள் திரும்பிய இடத்துக்கு இரண்டடி அப்பால் பனி பிளந்து கிடந்தது. ஆழத்தில் நீலம்.

"இதை எங்கே படிச்சீங்க?" என்றார் குரு.

"எங்க காட்டுல பத்தடிக்கு மேல பார்வை போகாது டீச்சரம்மா. பச்சை மறைச்சிரும். பிரம்பு வெட்டப் போனா பொம்பளை, ஆம்பளை எல்லாரும் இப்படித்தான் ஒண்ணு சேர்ந்து வீடு திரும்புவோம்."

வியாழக்கிழமை மாசிலாமணி பெட்டியோடு கரைக்கு வந்தார்.

"திரும்பிப் போறவர் இவர்தானா?" என்று கப்பல்காரர் கேட்டார்.

"இவர் எங்க ஆளு. ஏறமாட்டார்" என்றார் ஆவுடையம்மை, கரை முழுக்கக் கேட்கும்படி. பெட்டியை வாங்கிப் பனிவண்டியில் வைத்தார்.

மாசிலாமணி தயங்கினார். "இந்த ஊர் நடை எனக்கு இன்னும் வரலையே டீச்சரம்மா?"

"நடையை நான் சொல்லித் தர்றேன் அண்ணே. நீங்க கப்பல் ஏறிட்டா, நாங்க யார் குரலைக் கேட்டு வீடு வந்து சேர்றது?"