ராணியின் நகத்தைப் பெயர்த்தது யார்?

வெண்சங்குப் பட்டணத்து ராணி தேவநாயகிக்கு நீளமான நகம் என்றால் உயிர். அவருடைய நகமோ கொஞ்சம் வளர்ந்ததுமே ஒடிந்துவிடும். அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவன் ஒரு கப்பல் வியாபாரி. அவன் கொண்டுவந்த பொடியை ஒரு திரவத்தில் குழைத்து நகத்தின் மேல் பூசினால், சிறிது நேரத்தில் கல் மாதிரி இறுகிவிடும். அப்புறம் அராவிச் சாயம் தீட்டிக்கொள்ளலாம். அக்ரிலிக் என்று அதற்குப் பேர் சொன்னான். அரண்மனைக்காரர்களின் வாயில் அது நுழையவில்லை. ஒட்டுநகம் என்று வைத்துக்கொண்டார்கள்.

அலங்காரசாலைத் தலைவர் வில்லவராயர் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். தன் மோதிரங்களில் பசை ஒட்டிவிடும் என்பது அவர் கவலை. ஆகவே, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த அஞ்சுகம் என்ற பெண்தான் வியாபாரியிடம் எட்டு நாள் உட்கார்ந்து கற்றாள். கப்பல் போய்விட்டது. மீதியை அவளே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து நாட்டுத் தூதருக்கு விருந்து நடந்தது. ராணியே தன் கையால் பாயசம் பரிமாறினார். தூதர் ஒரு வாய் குடித்தார். 'கடக்' என்று சத்தம்.

"பாயசம் அமிர்தம்! முந்திரிதான் கொஞ்சம் வேகவில்லை" என்று சொல்லிக்கொண்டே அதை வாயிலிருந்து எடுத்தார்.

முந்திரிக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தது.

ராஜா மகுடவர்மருக்கு மானம் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே அஞ்சுகத்தைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"பிரபு, நான் அப்போதே சொன்னேன். கற்றுக்குட்டிக் கை!" என்றார் வில்லவராயர். "பூசி ஐந்து நாள்கூட ஆகவில்லை. ஒன்று பெயர்கிறது, ஒன்று பிளக்கிறது. இவளை ஊரைவிட்டே துரத்த வேண்டும்."

"மகாராஜா, மூன்று நாள் கொடுங்கள்" என்றாள் அஞ்சுகம். "எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்கிறேன்."

"கொடுத்தேன். மூன்றாம் நாள் காரணத்தோடு வா. இல்லையென்றால் மூட்டையோடு வா" என்றார் ராஜா.

அஞ்சுகம் ராணியின் கைகளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து விரல் விரலாகப் பார்த்தாள். இரண்டு கட்டைவிரல்களிலும் ஒட்டுநகம் அடியிலிருந்து, தோலோரமாகப் பெயர்ந்திருந்தது. பசையைத் தோலின் மேல் வழியவிட்டிருக்கிறாள். அது அவள் தப்பேதான். நகத்தில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பளபளப்புப் போக லேசாக அராவி, ஈரம் காயவிட்டு, தோலுக்கு ஒரு மயிரிழை இடம் விட்டுப் புதிதாகப் பூசினாள். அது அப்படியே நின்றது.

மற்ற எட்டு விரல்களின் கதை வேறு. அடியில் பிடிப்பு உறுதியாக இருந்தது. நுனிதான் பிளந்து மேல்நோக்கி எழும்பியிருந்தது. அவற்றையும் மாற்றினாள். மறுநாள் காலையில் எட்டும் மறுபடி பிளந்திருந்தன.

"மகாராணி, நகத்தால் எதையாவது சுரண்டினீர்களா? டப்பா மூடி ஏதாவது?"

"டப்பா எதையும் தொடவில்லை" என்றார் ராணி. முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அதற்கு மேல் கேட்காதே, அஞ்சுகம். நான் சொல்வதற்கில்லை."

அஞ்சுகம் பஞ்சை எடுத்து நகங்களின் அடியைத் துடைத்து முகர்ந்து பார்த்தாள். வெட்டிவேரும் கற்பூரமும் கலந்த தைல வாசம். வேர்க்குருவுக்காக அரண்மனை வைத்தியர் காய்ச்சிய தைலம். இந்தக் கோடையில் அதைப் பூசிக்கொள்பவர் நாட்டிலேயே ஒருவர்தான்.

காரணத்தைச் சொல்லாவிட்டால் ஊரைவிட்டுப் போக வேண்டும். சபை நடுவே சொன்னால் தலை தங்குமா?

மூன்றாம் நாள் சபையில் கூட்டமான கூட்டம்.

"மகாராஜா, கட்டைவிரல் நகம் இரண்டும் என் தப்பு" என்றாள் அஞ்சுகம். "சரிசெய்துவிட்டேன்."

"கேட்டீர்களா பிரபு! அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாள்!" என்று குதித்தார் வில்லவராயர்.

"மற்ற எட்டும் என் தப்பில்லை. வேறொருவரால் உடைந்தவை. நேற்றும் உடைந்தன."

ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார். "என் ராணியின் நகத்தை உடைத்தானா? எவன் அவன்? அவன் முதுகில் வரிவரியாகக் கோடு விழ வேண்டும்! இப்போதே!"

"விழுந்துவிட்டது, மகாராஜா."

"என்னது?"

"தாங்கள் சொன்ன அதே தண்டனைதான். முதுகில்தான், வரிவரியாகத்தான். மகாராணியே தம் கையால் கொடுத்துவிட்டார். ஒரு தடவைக்கு எட்டுக் கோடு. கணக்கில் குறைவிருக்காது. குற்றவாளியும் ஓடவில்லை. 'இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்' என்று கேட்டு வாங்கிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்."

ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜாவின் கை தன்னை அறியாமல் முதுகுப் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றது. அவர் ராணியைப் பார்த்தார். ராணி கூரையைப் பார்த்தார். அடுத்த நொடி ராஜா தொப்பென்று உட்கார்ந்து, மகுடம் சரிய விழுந்து விழுந்து சிரித்தார்.

"அஞ்சுகம், இன்று முதல் நீ நகசாலைத் தலைவி!" என்று தன் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

வில்லவராயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிரபு, குற்றவாளி யார்? பெயரைச் சொல்லுங்கள், இந்த நிமிடமே சிறையில் தள்ளுகிறேன்!"

ராஜா கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"தள்ளலாம், வில்லவராயரே. ஆனால் உள்ளே அவனுக்கு யார் முதுகு சொறிந்துவிடுவது?"